முந்நூறு கப்பல் இருந்தும் கடலில் ஏன் நூறு?

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும் மாணவர் ஒருவர் விவாதப் போட்டிக்காகக் கேட்டது: "அமெரிக்கக் கடற்படையிடம் கிட்டத்தட்ட 290 கப்பல்கள் இருக்கின்றன. ஆனால் எந்த நாளிலும் ஏறத்தாழ 100 மட்டுமே தொலைகடலில் நிற்கின்றன என்று படித்தேன். மற்றவை என்ன செய்கின்றன? எண்ணிக்கையைக் கூட்டினால் பலம் கூடும்தானே? எங்கள் அணி அப்படித்தான் வாதாடவேண்டும்."

தம்பி, போட்டிக்கு முதல் ஒருநாள் விடியக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய் நில்லும். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று நெடுந்தீவுக்கு ஓடும் படகுகளின் பெயர்கள் எல்லாருக்கும் பாடம். ஆனால் அங்கே நிற்கிற சனம் பெயர்களை எண்ணுவதில்லை. "இண்டைக்கு எது ஓடுது?" என்றுதான் கேட்கும். ஒன்று திருத்த வேலைக்குக் கரையேறினால் மற்றதில் நெரிசல். மற்றதும் படுத்தால் வருத்தக்காரரை ஏற்றிக்கொண்டு வர ஆரின்ரையோ மீன்பிடிப் படகைத் தேடவேண்டும். பதிவேட்டில் மூன்று படகு, துறையில் ஒன்று. நீர் கேட்ட கேள்வி இதேதான், அளவுதான் பெரிது.

நான் 27 வருடம் வணிகக் கப்பல்களில் எஞ்சின் அறையில் இருந்தவன். போர்க்கப்பலில் வேலை செய்ததில்லை. எங்கள் கடலில் கடற்படை என்ற சொல்லைக் கேட்டதும் பல வீடுகளில் வேறு நினைவுகள் வரும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த வலி நீர் கேட்ட கேள்விக்குள் அடங்காது என்பதால் அதை இங்கே தொடவில்லை. இரும்பு, உப்பு, ஆட்கள் என்ற கணக்கை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்றில் ஒன்று எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒரு போர்க்கப்பலின் வாழ்க்கை மூன்று பருவமாக ஓடுகிறது. தொலைகடலில் நிற்கும் காலம், திரும்பி வந்து டொக்கில் (கப்பலைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்தித் திருத்தும் இடம்) ஏறித் திருத்தப்படும் காலம், புதிய ஆட்களோடு பயிற்சி எடுத்து மறுபடி தகுதி பெறும் காலம். அமெரிக்கா 2014 முதல் இதை 36 மாதச் சுற்றாக வகுத்தது. ஆகவே ஓர் இடத்தில் ஒரு கப்பல் ஓயாமல் நிற்கவேண்டுமென்றால் கையில் குறைந்தது மூன்று வேண்டும். அணு ஏவுகணை நீர்மூழ்கி என்றால் இன்னும் இறுக்கம். பிரித்தானியா 1969 முதல் எந்த நேரமும் ஒன்றைக் கடலுக்கடியில் வைத்திருக்கிறது. அந்த ஒன்றுக்காக நான்கை வைத்திருக்கிறது. பிரான்சிடம் இருப்பது சார்ள் டி கோல் என்ற ஒரேயொரு விமானந்தாங்கி. 2017 பெப்ரவரியில் அது பெரிய திருத்தத்துக்குப் போனபோது ஒன்றரை வருடம் பிரான்சின் விமானந்தாங்கிக் கணக்குப் பூச்சியம்.

ஆகவே 290க்கு 100 என்பது தன்னளவில் சோம்பலோ மோசடியோ இல்லை, அது கடலின் விதி. அந்தச் சுற்றில் ஒரு பல்லு உடைந்தால் வருவதுதான் நோய். பிரித்தானியாவின் அந்த நான்கு நீர்மூழ்கிகளில் வான்கார்ட் 2015 கடைசியில் டெவன்போர்ட் டொக்கில் ஏறியது. மூன்று வருடம் அளவில் முடியவேண்டிய வேலை ஏழு வருடத்தைத் தாண்டியது. அதுவரை மற்ற மூன்றும் அதன் பாரத்தையும் சேர்த்து இழுத்தன. ஒரு கடற்பயணம் ஆறு மாதம் வரை நீண்டது. அவ்வளவு நாள் ஓடிய கப்பல் திரும்பி வரும்போது அதற்கும் கூடுதல் திருத்தம் தேவை. அதனால் அடுத்ததும் பிந்தும். வட்டிக்கு வட்டி ஏறுகிற கடன் போலத்தான் இது. திருத்தத்தைத் தள்ளிப்போடுகிறவர் கடன்காரர். கடன்காரரைப் போலவே அவரும் "இந்த ஒருமுறை மட்டும்" என்றுதான் சொல்லுவார்.

இனி உப்பு. இதில் கொஞ்சம் நின்று பேச விடும், எனக்குப் பிடித்த இடம்.

சின்ன வயதில் எங்கள் மாமாவின் வள்ளத்தைக் கரையேற்றினால் எங்களுக்குத்தான் வேலை. கவிழ்த்துப் போட்டுவிட்டு அடிப்பக்கத்துக் கொட்டலசையும் பாசியையும் கத்தியால் சுரண்டவேண்டும். விரலெல்லாம் கீறும். "இதைச் சுரண்டாமல் விட்டால் என்ன மாமா?" என்று கேட்டேன். "மற்றவன் மீனோட வரேக்கை நீ வழியில நிப்பாய்" என்றார். அவ்வளவுதான் விளக்கம். சரியான விளக்கம். அடியில் ஒட்டுவது கப்பலைத் தண்ணீரில் பிடித்து இழுக்கிறது. வேகம் குறையும், எண்ணெய் கூடும், எஞ்சின் தன் சக்திக்கு மேல் உழைக்கும்.

இதற்கு ஒரு கடற்படையே விலை கொடுத்திருக்கிறது. ரஷ்யாவின் போல்ற்றிக் கடற்படை 1904 ஒக்டோபரில் புறப்பட்டு, ஆபிரிக்காவைச் சுற்றி, இந்து சமுத்திரத்தைக் கடந்து, 18,000 கடல்மைல் ஓடி யப்பானை நோக்கிப் போனது. நடுவில் மடகஸ்காரில் வாரக்கணக்காகக் காத்துக் கிடந்தது. வெப்பக் கடலில் நின்ற கப்பலின் அடி என்னவாகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வழியில் அடியைச் சுரண்ட அவர்களுக்குச் சொந்தமாக ஒரு டொக்கும் இல்லை. யப்பானியரோ ரஷ்யாவின் கிழக்குத் தளமான போர்ட் ஆதர் விழுந்தபிறகு தங்கள் கப்பல்களைத் தங்கள் டொக்கில் ஏற்றிச் சுத்தம் செய்து, திருத்தி, பயிற்சி எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். 1905 மே 27ஆம் திகதி சுஷிமா நீரிணையில் இரண்டும் சந்தித்தன. அடுத்த நாள் முடிவதற்குள் ரஷ்யக் கடற்படை இல்லாமல் போனது. பீரங்கி, கட்டளை, பயிற்சி என்று காரணங்கள் பல. ஆனால் யார் எந்தத் திசையிலிருந்து அடிப்பது என்பதை வேகம் கூடியவன் தீர்மானித்தான்.

பாசிக்கு மருந்து செம்பு. மரக்கப்பல் காலத்தில் பிரித்தானியர் அடியில் செப்புத் தகடு அடித்தார்கள். 1761இல் ஒரு கப்பலில் பரீட்சித்து, 1780 அளவில் கடற்படை முழுவதற்கும் பரப்பினார்கள். மரம் துளைக்கும் புழுவும் வராது, கொட்டலசும் ஒட்டாது. ஆனால் செம்பு கரைந்து தேய்ந்துகொண்டே போனது, செலவு தாங்கவில்லை. பெரிய விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியிடம் கேட்டார்கள். அவர் 1824இல் ஒரு வழி சொன்னார்: செம்போடு இரும்புத் துண்டுகளைத் தொடுத்துவிட்டால் உப்புத் தண்ணீர் இரும்பைத்தான் முதலில் தின்னும், செம்பு தப்பும். செய்து பார்த்தார்கள். சொன்னபடியே செம்பு கரையவில்லை. கொஞ்ச நாளில் அடியெல்லாம் கொட்டலசும் பாசியும் மண்டிவிட்டது! ஏனென்றால் கொட்டலசை விரட்டியதே அந்தக் கரைந்துபோன செம்புதான். தகட்டைக் காப்பாற்றப் போய்க் கப்பலின் வேகத்தைப் பறிகொடுத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் டேவியின் விஞ்ஞானம் பிழையில்லை. இன்று பல இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகள் பூட்டியிருக்கும். காரைநகரில் படகுத் திருத்த வேலை செய்கிறவர்களைக் கேளும், காட்டுவார்கள். அவுட்போட் எஞ்சினிலும் ஒன்று இருக்கும். துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். தேய்ந்து முடிந்ததும் மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் அடுத்த பலி உம்முடைய எஞ்சின். 2011இல் அமெரிக்கர் புத்தம் புதிதாகக் கட்டிய இன்டிபென்டன்ஸ் என்ற அலுமினியக் கப்பலில், உந்து பாகங்களின் இரும்பும் உடலின் அலுமினியமும் உப்பில் சந்தித்த இடத்தில் கடுமையான அரிப்புக் கண்டது. டேவிக்குப் பிறகு கிட்டத்தட்ட 190 வருடம் கடந்தும் அதே பாடம்.

உப்பு மட்டுமில்லை, சூடும் இருக்கிறது. பிரித்தானியாவின் டைப் 45 நாசகாரிகள் ஆறு. வான் தாக்குதலைத் தடுப்பதில் உலகத் தரம். அவற்றின் எரிவாயுச் சுழலியோடு ஒரு குளிரூட்டும் பாகம் சேர்த்திருந்தார்கள், எரிபொருளை மிச்சம் பிடிக்க. வளைகுடாவின் வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தப் பாகம் தாக்குப்பிடிக்கவில்லை. கப்பல் முழுக்க மின்சாரத்தில் ஓடுவதால் சுழலி தளர்ந்தால் பாரம் ஜெனரேற்றர்களில் விழும், அவையும் விழுந்தால் எல்லாம் இருட்டு. ராடாரும் இல்லை, ஓட்டமும் இல்லை. கடைசியில் கப்பலின் பக்கத்தை வெட்டித் திறந்து, இருந்த இரண்டு டீசல் ஜெனரேற்றரை எடுத்து மூன்று பெரியவற்றைப் பூட்டும் வேலை தொடங்கியது. முதற்கப்பல் 2022இல்தான் கடலுக்குத் திரும்பியது. குளிர்நாட்டு மேசையில் வரைந்த எஞ்சினுக்குச் சித்திரை வெயில் தெரியாது.

என் அனுபவத்தில் ஒன்று. நான் இரண்டாவது இஞ்சினியராக இருந்த ஒரு கப்பலில் கடல்நீர்க் குளிரூட்டும் பம்பைக் கழற்றிப் பார்க்கவேண்டிய முறை வந்தது. கரையிலிருந்தவர்கள் இரண்டு துறைமுகம் தள்ளிப்போட்டார்கள். மூன்றாவது துறைமுகத்துக்குப் போகுமுன் அரபிக் கடலில், ஜூலைச் சோளகத்தில், பம்ப் போனது. எஞ்சினை அரைச் சக்திக்கு இறக்கி, கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் 50 பாகை வெக்கைக்குள் நின்று அதைக் கழற்றினோம். ஒரு பொடியனுக்குக் கை வெந்தது. துறைமுகத்தில் ஆறு மணித்தியால வேலை அது. அண்டைக்குத் தொடக்கம் 'தள்ளிப்போடலாம்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு நெஞ்சு இறுகும்.

சரி, திருத்தவேண்டும் என்று மனம் இருந்தாலும் டொக் இருக்கவேண்டுமே. அமெரிக்க அரசிடம் அணுசக்திக் கப்பல்களைத் திருத்தும் சொந்தக் கப்பல்துறைகள் நாலே நாலுதான். அவற்றில் நோர்போக் 1767இல் தொடங்கியது. அமெரிக்கா சுதந்திரம் அடையுமுன்! பாய்மரக் கப்பலுக்கு அமைத்த வளவுக்குள் அணுசக்தி நீர்மூழ்கியைத் திருத்துகிறார்கள். 2015 முதல் 2019 வரை விமானந்தாங்கிகளுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் அந்த நாலு இடத்திலும் திட்டமிட்ட திருத்தங்கள் 51. அவற்றில் 38 திருத்தங்கள் பிந்தின. பிந்திய நாட்களைக் கூட்டினால் 7,424. அவர்களுடைய அரச கணக்காய்வு நிறுவனமே சொன்ன கணக்கு இது. காரணங்களில் முதன்மையானது, கழற்றிப் பார்த்த பிறகு வெளிப்பட்ட எதிர்பாராத வேலை. பழைய வீட்டுக் கூரையில் நாலு ஓடு மாற்ற ஏறியவனுக்குத் தெரியும் இது.

இதில் பொய்சி என்ற நீர்மூழ்கியின் கதை மிகவும் மனவருத்தமானது. 1992இல் சேவைக்கு வந்தது. திருத்த முறை வந்தபோது டொக்கில் இடமில்லை. காத்திருந்தது. காத்திருந்த காலத்திலேயே 2017இல் அமிழும் தகுதிச் சான்று காலாவதியானது. அமிழ முடியாத நீர்மூழ்கி! 2024இல்தான், ஏறத்தாழ 120 கோடி டொலருக்கு, 2029இல் முடிப்பதாக ஒப்பந்தம் எழுதினார்கள். அத்தனை வருடமும் அந்த 290 என்ற மாதிரியான எண்ணிக்கைக்குள் பொய்சியும் ஒன்றாக நின்றது என்பதை உம்முடைய அணி நினைவில் வைத்திருக்கவேண்டும்.

டொக்கே மூழ்கினால்? ரஷ்யாவின் ஒரே விமானந்தாங்கி அட்மிரல் குஸ்னெட்சோவ் திருத்தத்துக்காக மூர்மான்ஸ்க் பக்கம் ஒரு மாபெரும் மிதக்கும் டொக்கில் ஏறியிருந்தது. 2018 ஒக்டோபரில் மின்சாரம் தடைப்பட்டு டொக் மூழ்கியது, பாரந்தூக்கி ஒன்று கப்பலின் மேற்தளத்தில் விழுந்தது. அடுத்த வருடம் டிசம்பரில் கப்பலுக்குள் தீ. திருத்தத்தில் நிற்கும் கப்பல் பத்திரமாக நிற்கிறது என்று நினைப்பது பெரிய தவறு. 2020 ஜூலை 12ஆம் திகதி சான் டியாகோ துறையில் திருத்தத்தில் நின்ற பொனொம் ரிச்சர்ட் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் பற்றி எரிந்தது. நாலு நாளுக்கு மேல் அணையவில்லை. விசாரணையில் தெரிந்தது: கப்பலின் தீயணைப்பு நிலையங்களில் 87 சதவீதம் திருத்தத்துக்காகச் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன. ஒரு எதிரியும் தொடாமல், கட்டிவைத்திருந்த துறையிலேயே ஒரு பெரிய கப்பல் பழைய இரும்பாகிப் போனது.

உதிரிப்பாகம் பற்றி உமக்கு நான் விளக்கத் தேவையில்லை, உம்முடைய அப்பாவைக் கேளும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு மோட்டார் சைக்கிளைச் சாகவிட்டு மற்றதை மண்ணெண்ணெயில் உயிரோடு வைத்திருந்தோம். உலகத்தின் பெரிய கடற்படைகளும் அதையே செய்கின்றன: துறையில் நிற்கிற கப்பலில் கழற்றி, கடலுக்குப் போகிற கப்பலில் பூட்டுதல். 2017 கடைசியில் ஜேர்மனியின் ஆறு நீர்மூழ்கிகளும் ஒரே நேரத்தில் ஓட முடியாமல் நின்றன. ஒன்று நோர்வேக் கரையில் பாறையில் அடிபட்டது, மற்றவை திருத்தத்திலும் பாகத்துக்கான காத்திருப்பிலும். பணக்கார நாடுதான், ஆனால் அலமாரியில் பாகம் வாங்கி வைக்கும் செலவை முன்னொரு காலத்தில் மிச்சம் பிடித்தார்கள்.

இப்போது ஆட்கள். என்னைக் கேட்டால் இரும்பைவிடப் பெரிய விஷயம் இதுதான்.

2017 ஜூன் 17, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. யப்பான் கரைக்கு அப்பால் அமெரிக்க நாசகாரி பிட்ஸ்ஜெரால்ட் ஒரு கொள்கலன் கப்பலில் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு மாதத்தில், ஓகஸ்ட் 21, சிங்கப்பூருக்கு அருகே ஜோன் எஸ். மெக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலில் மோதியது. பத்துப் பேர். இரண்டும் ஒரே கடற்பிரிவு. ராடார் இருந்தது, கண் இருந்தது, கடல் அமைதியாக இருந்தது. ஏன்?

யப்பானில் நிலைகொண்ட கப்பல்களுக்குத் தேவை எப்போதும் அதிகம், ஓய்வு எப்போதும் குறைவு. அந்த ஜூனில் அங்கிருந்த பெரிய போர்க்கப்பல்களின் குழுக்களுக்குரிய தகுதிச் சான்றுகளில் 37 சதவீதம் காலாவதியாகியிருந்தன. கடலில் மாலுமி ஒருவர் சராசரியாக வாரத்துக்கு 108 மணித்தியாலம் வேலை செய்கிறார் என்று அவர்களுடைய கடற்படையே ஆய்வு செய்து வைத்திருந்தது. கணக்குப் போட்டுப் பாரும். வாரத்துக்கு 168 மணித்தியாலம். மிச்சம் 60. நாளுக்கு எட்டரை. அதற்குள் சாப்பாடு, குளிப்பு, வீட்டுக்குக் கடிதம், நித்திரை எல்லாம். இப்படி மாதக்கணக்கு. மெக்கெய்னில் சுக்கானும் வேகமும் தொடுதிரையில். எந்த இருக்கைக்கு எந்தக் கட்டுப்பாடு மாறியது என்று நித்திரையில்லாத, சரியாகப் பழகாத பொடியன்களுக்கு விளங்கவில்லை. சுக்கான் போய்விட்டதென்று நினைத்துக்கொண்டார்கள். அது போகவில்லை, பக்கத்து இருக்கையில் இருந்தது. பிறகு கடற்படை, கையால் தள்ளும் பழைய விசைகளையே திரும்பப் பூட்ட முடிவெடுத்தது. நான் அந்த அறிக்கைகளை வாசித்த இரவு நித்திரை கொள்ளவில்லை. விடியப்புற முறையில் எஞ்சின் அறையில் நின்றபடி கண் சொருகிய நாட்கள் எனக்கும் இருந்திருக்கின்றன.

விவாதத்துக்கு ஒரேயொரு உதாரணம் கொண்டுபோக விட்டால், நீர் கொண்டுபோகவேண்டியது 1942 மே மாதத்தை.

பவளக் கடல் சண்டை, மே 7, 8. அமெரிக்காவின் யோர்க்டவுன் குண்டடிபட்டது. யப்பானின் ஷோகாக்குவும் குண்டடிபட்டது. யப்பானின் இன்னொரு விமானந்தாங்கி சுய்காக்குவில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் அதன் விமானங்களிலும் விமானிகளிலும் பெரும்பகுதி போய்விட்டது. மே 27ஆம் திகதி யோர்க்டவுன் எண்ணெய் ஒழுக ஒழுக ஹவாயிலுள்ள பேர்ள் ஹாபர் தளத்துக்கு வந்து சேர்ந்தது. திருத்த மூன்று மாதம் என்று மதிப்பிட்டார்கள். டொக்கில் தண்ணீர் முழுக்க வடியுமுன்பே தளபதி நிமிட்ஸ் இறங்கிப் பார்த்து, மூன்று நாளில் வேண்டும் என்றார். 1,400 பேருக்கு மேல் இரவு பகலாக ஒட்டு வேலை செய்தார்கள். மே 30, கப்பல் புறப்பட்டது, சில வேலையாட்கள் உள்ளே வெல்டிங் செய்துகொண்டிருக்கும்போதே. இழந்த விமானப் படைப்பிரிவுகளுக்குப் பதிலாக, திருத்தத்துக்குப் போயிருந்த சரட்டோகா என்ற கப்பலின் பிரிவுகளை ஏற்றினார்கள்.

யப்பானியர் என்ன செய்தார்கள்? சுய்காக்குவின் உடல் நன்றாக இருந்தது. ஷோகாக்குவில் மிஞ்சிய விமானிகளை அதில் சேர்த்திருக்கலாம். ஆனால் ஒரு கப்பலின் விமானப் பிரிவு அந்தக் கப்பலுக்கே உரியது என்பது அவர்களின் வழக்கம். கப்பல் வீட்டில் நின்றது. ஜூன் 4ஆம் திகதி மிட்வேயில் யப்பான் நாலு விமானந்தாங்கியோடு போனது. அமெரிக்கா, யோர்க்டவுனையும் சேர்த்து, மூன்றோடு. யப்பானின் நாலும் மூழ்கின. அவற்றில் சோரியுவை மூழ்கடித்தவை யோர்க்டவுனிலிருந்து எழும்பிய விமானங்கள். யோர்க்டவுனும் அந்தச் சண்டையில் போனது, ஆனால் போகுமுன் வரவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அதற்கு முந்திய டிசம்பரில் பேர்ள் ஹாபரைத் தாக்கிய யப்பானிய விமானங்கள் போர்க்கப்பல்களை அடித்துவிட்டு டொக்குகளையும் எண்ணெய்த் தாங்கிகளையும் பெரும்பாலும் விட்டுப் போயின என்பதையும் இதோடு சேர்த்துப் பாரும்.

எங்கள் கிழக்குக் கரையிலேயே இதன் மறுபக்கம் கிடக்கிறது. அதே 1942 ஏப்ரலில் யப்பானியர் வருவதை அறிந்து பிரித்தானிய விமானந்தாங்கி ஹேர்மிஸ் திருகோணமலையை விட்டு வெளியேறியது. அதன் விமானங்கள் கரையில் நின்றன. ஏப்ரல் 9, மட்டக்களப்புக்கு அப்பால், ஒரு விமானமும் இல்லாத விமானந்தாங்கியாக அது அகப்பட்டது. 300 பேருக்கு மேல் அதோடு போனார்கள். கணக்கேட்டில் அண்டைக்கும் அது ஒரு முழு விமானந்தாங்கிதான்.

எண்ணிக்கைக்கே பெறுமதி இல்லையா என்று கேட்பீர். இருக்கிறது, உம்முடைய அணிக்கு நான் துரோகம் செய்ய விரும்பவில்லை. சீனக் கடற்படை 370 கப்பலைத் தாண்டியிருக்கிறது, அது வெறும் எண் இல்லை. உலகத்து வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் இன்று சீனத்துக் கப்பல்துறைகளில் கட்டப்படுகின்றன. அதாவது அவர்களிடம் டொக்கும், வெல்டரும், இரும்பும், உதிரிப்பாகமும் பின்னால் நிற்கின்றன. அமெரிக்கர் 355 கப்பல் வேண்டும் என்று 2016இல் இலக்கு வைத்து, பிறகு சட்டமும் ஆக்கினார்கள், இன்றும் 300ஐ எட்டவில்லை. 2024இல் அவர்களின் துணைக் கப்பல்களில் 17ஐ மாலுமிப் பற்றாக்குறையால் ஒதுக்கி வைக்கத் திட்டம் போட்டார்கள். கப்பல் இருக்கிறது, ஓட்ட ஆளில்லை. அதே வருடம் அவர்களின் தளபதி எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வேறொரு இலக்கையும் முன்வைத்தார்: 2027க்குள் 80 சதவீதம் உடனே புறப்படக்கூடிய நிலை. ஆகவே உம்முடைய அணி "எண்ணிக்கை கூடினால் பலம் கூடும்" என்று வாதாடும்போது "டொக்கும் ஆட்களும் அதே விகிதத்தில் கூடினால்" என்ற நிபந்தனையைத் தானாகவே முன்வைக்கட்டும். எதிரணி அதைச் சொல்லுமுன் நீங்கள் சொன்னால் அவர்களிடம் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

இலங்கைக் கணக்கையும் யாராவது கேட்கலாம். கடற்படையின் பெரிய கப்பல்களில் ஒன்றான கஜபாகு 2019இல் சேவைக்கு வந்தது. அது 1968இல் அமெரிக்கக் கரையோரக் காவலுக்காக ஷேர்மன் என்ற பெயரில் சேவை தொடங்கிய கப்பல். அரை நூற்றாண்டு உழைத்த எஞ்சின். இலவசமாகக் கிடைத்த பழைய கப்பல் இலவசமாக ஓடாது. போர்க்கப்பலின் ஆயுட்செலவில் ஏறத்தாழ 70 சதவீதம் வாங்கிய பிறகு வருவது என்பது பொதுவான கணக்கு. வயது கூடக் கூட அதுவும் ஏறும்.

கடைசியாக ஒன்று. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று எல்லாரும் பெருமைப்படுகிறோம். நானும்தான். ஆனால் இன்று அதைப்போல ஒன்றைக் கட்ட வேண்டுமென்றால் பலகை பொருத்தி, கலப்பத்துப் பார்த்து, பாய் தைக்கத் தெரிந்த கைகளை எங்கே தேடுவோம்? மேத்திரியார் தன் மகனுக்குக் கற்பிக்க ஒரு கப்பல் தேவை. கப்பல் வரவில்லை, கற்பித்தல் நின்றது, அத்தோடு போய்விட்டது. இது எங்களுக்கு மட்டும் வந்த விதி இல்லை. பிரித்தானியர் வான்கார்ட் வகை நீர்மூழ்கிகளை முடித்துவிட்டு அடுத்த அஸ்ரியூட் வகையைத் தொடங்குவதற்குள் பல வருட இடைவெளி விட்டார்கள். அதற்குள் வரைபடக்காரரும் கைதேர்ந்த வேலையாட்களும் கலைந்துபோனார்கள். வேலை வருடக்கணக்கில் பிந்தி, 2003 அளவில் அமெரிக்கக் கப்பல்துறையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு உதவி கேட்கவேண்டி வந்தது. நூறு வருடமாக நீர்மூழ்கி கட்டிய நாடு!

போட்டி முடிந்த ஞாயிற்றுக்கிழமை நேரமிருந்தால் பின்னேரம் எங்கள் கரைக்கு வாரும். மாமாவின் மகன் படகைக் கரையேற்றியிருக்கிறான். தேய்ந்த துத்தநாகக் கட்டியையும் புதியதையும் உம்முடைய இரண்டு கையிலும் தருகிறேன், பாரத்தைப் பாரும். சுரண்டுகிற கத்தியும் ஒன்று மேலதிகமாக இருக்கிறது.